இரவல் கொப்பியை இணையத்தில் ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் வாசிகசாலையின் புத்தகப் பட்டியலும் இரவல் கணக்கும் கொப்பியில்தான் இருக்கின்றன. எனக்கு இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழி பிஎச்பி (PHP) கொஞ்சம் தெரியும். எல்லோரும் போனிலேயே தேடிப் பார்க்கும்படி செய்யலாமா, ஐயா?
– உயர்தர மாணவன், களுவாஞ்சிக்குடி

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. முதலில் உங்கள் கணினியில் எக்ஸாம்ப் (XAMPP) என்ற மென்பொருள் தொகுப்பை நிறுவுங்கள், பிஎச்பியும் தரவுத்தளமும் சேர்ந்தே வரும். கொப்பியில் இருப்பதை அப்படியே ஒரே அட்டவணையில் கொட்டிவிடாதீர்கள், பலர் சறுக்குவது அங்கேதான். புத்தகம், அங்கத்தவர், இரவல் என்று மூன்றாகப் பிரியுங்கள். இரவலில் புத்தக எண், அங்கத்தவர் எண், கொடுத்த திகதி, திரும்பிய திகதி போதும், ஒருவர் கல்லாற்றுக்கு வீடு மாறினால் அங்கத்தவர் அட்டவணையில் முகவரியை ஒரே இடத்தில் திருத்தினால் சரி.

தரவுத்தளம் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான எழுத்துத் தொகுதி, தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) ஆக இருக்கட்டும். தமிழ் எழுத்துகள் இல்லாத லத்தீன்1 (latin1) என்றால் 'மட்டக்களப்பு' வெறும் கேள்விக்குறிகளாகிவிடும், அல்லது பதியவே மறுக்கும்.

அப்புறம், தேடல் பெட்டியில் வருவதை நேரே எஸ்கியூஎல் (SQL) என்ற தரவுத்தள மொழியின் கட்டளைக்குள் ஒட்டவே கூடாது, யாராவது அதில் தம் கட்டளையையே நுழைத்துவிடலாம். பிஎச்பியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் பிடிஓவில் (PDO), மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்துக் கட்டளையைப் பிரிப்பேர் (prepare) செய்து, அந்த இடத்துக்கு எக்ஸிகியூட்டில் (execute) மதிப்பைக் கொடுங்கள். பழைய பாடங்களில் வரும் இணைப்புக் கட்டளையான மைஎஸ்கியூஎல்_கனெக்டை (mysql_connect) நம்பாதீர்கள், 2015இல் வந்த பிஎச்பி 7இலேயே அதை நீக்கிவிட்டார்கள். அங்கத்தவர்களின் தொலைபேசி எண்கள் மட்டும் பொதுப் பக்கத்தில் வரவே வேண்டாம்.