வாசகர் கேள்வி பதில்: குளூட்டன் இல்லாத பாணும் அதிலுள்ள கொழுப்பும்

கேள்வி: கோதுமை முதலியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என் கணவருக்கு இருப்பது இந்த ஆண்டு உறுதியானது. கொலஸ்ட்ரோலும் கூடுதலாக இருப்பதால் கொழுப்பைக் குறைக்கும்படி வைத்தியர் கூறியுள்ளார். காலையில் பாண் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டதாகவே இருக்காது. குளூட்டன் இல்லாததும் கொழுப்புக் குறைந்ததுமான பாணை இணையத்தில் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: வாங்கலாம். ஆனால் நீங்கள் கேட்கும் இரண்டு குணங்களும் ஒரே பாணில் சேர்ந்து கிடைப்பது அரிது. கோதுமை மாவைப் பிசையும்போது இழுபடும் பசையாக உருவாகும் குளூட்டன்தான், ஈஸ்ட் வெளிவிடும் வாயுவைப் பிடித்து வைத்துப் பாணைப் பொங்கச் செய்கிறது. அது இல்லாதபோது அரிசி மா, மரவள்ளி மா முதலியவற்றை ஒன்றாகப் பிடித்து நிறுத்தப் பிசின் வகைகளையும் இசப்கோல் உமியையும், பாண் காய்ந்து உதிராமல் இருக்க எண்ணெயையும் முட்டையையும் சேர்க்கிறார்கள். சாதாரண வெள்ளைப் பாணில் 100 கிராமுக்கு 2 முதல் 4 கிராம் வரை கொழுப்பு இருக்கும். குளூட்டன் இல்லாத பாணில் அது 5 கிராமைத் தாண்டுவது வழமை. திட உணவைக் ‘கொழுப்புக் குறைந்தது’ என்று சொல்லக் கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு நியமம் வகுத்திருக்கும் எல்லையோ 100 கிராமுக்கு 3 கிராம்தான்.

ஆகவே முதலில் குளூட்டனைப் பாருங்கள், கொழுப்பைப் பிறகு பார்க்கலாம். 100 கிராமுக்கு 7 கிராம் கொழுப்புள்ள பாணில், இரண்டும் சேர்ந்து 60 கிராம் எடையுள்ள இரண்டு துண்டுகளால் உடலில் சேரும் கொழுப்பு 4 கிராம் சொச்சம். அதன்மேல் பூசும் ஒரு தேக்கரண்டி பட்டரிலும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. பட்டரைக் குறைத்தால் கணக்குச் சரியாகிவிடும். குளூட்டனால் சிறுகுடலின் உட்சுவருக்கு ஏற்படும் சேதத்தை அப்படி எதைக் குறைத்தும் ஈடுசெய்ய முடியாது.

இணையத்தில் பொதியின் முன்பக்கப் படத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். நான் ஒருமுறை அப்படி வாங்கிய பாணின் முன்புறத்தில் ‘கோதுமை இல்லாதது’ என்று பெரிதாக இருந்தது. பின்புறத்தைத் திருப்பினால், எறும்பு எழுத்தில் பார்லி மோல்ட் சாறு! கோதுமை இல்லாதது வேறு, குளூட்டன் இல்லாதது வேறு. பார்லியிலும் றை என்னும் தானியத்திலும் குளூட்டன் உண்டு. ‘குளூட்டன் இல்லாதது’ என்ற சொல்லுக்குக் கோடெக்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். குறுக்குக் கோடிட்ட கோதுமைக் கதிர்ச் சின்னமும் இருந்தால் கூடுதல் நம்பிக்கை. டராஸ் போன்ற தளங்களில் தளம் ஒன்று, விற்பவர் வேறொருவர் என்பதால், உள்ளடக்கப் பட்டியலும் காலாவதித் திகதியும் தெளிவாகத் தெரியும் படத்தை விற்பவரிடமே கேட்டு வாங்கிப் பார்த்த பின்னர் பணம் செலுத்துங்கள்.

வீட்டில் சுட்டு விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: அதே சமையலறையில் கோதுமை மாவும் பிசைகிறீர்களா? ஆம் என்றால் விட்டுவிடுங்கள். பறக்கும் மாத்தூள் தட்டிலும் மேசையிலும் படியும்.

கொழும்பு வெக்கையில் இந்தப் பாண் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். வந்தவுடன் துண்டுகளுக்கிடையே தாள் வைத்து உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். வேண்டியதை மட்டும் எடுத்து வாட்டிக்கொள்ளலாம். வீட்டாரின் பாண் துகள் கிடக்கும் டோஸ்டரில் அல்லாமல், அவருக்கென ஒதுக்கிய தோசைக்கல்லில் வாட்டுங்கள்.

தினமும் பாண்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். வீட்டில் அவிக்கும் அரிசி மா இடியப்பத்தில் குளூட்டனும் இல்லை, கொழுப்பும் சொற்பமே. கடை இடியப்பத்திலும் புட்டிலும் கோதுமை மா கலந்திருக்கலாம். அரிசியை மில்லில் கொடுத்து அரைப்பதானால், அதே இயந்திரத்தில் கோதுமையும் அரைபடுகிறதா என்று கேளுங்கள். சொதிக்குக் கட்டிப்பால் வேண்டாம், அதில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் கொழுப்பு. இரண்டாம் பாலே போதும்.

கேள்வி: பாண் சாப்பிட்டால் என் மகளுக்கு வயிறு ஊதுகிறது. இப்போதே நிறுத்திக் குரக்கன் பாணுக்கு மாற்றலாமா?
வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: குரக்கனில் குளூட்டன் இல்லை, ஆனால் கடையில் குரக்கன் பாண் என்று விற்பதில் பெரும்பாலும் கோதுமை மாவே அதிகம். அதைவிட முக்கியமானது, பரிசோதனைக்கு முன் பாணை நிறுத்தாதீர்கள். சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, குளூட்டன் உண்டுகொண்டிருப்பவரிடம்தான் சரியான முடிவைக் காட்டும். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். வழமைபோலச் சாப்பிடக் கொடுத்து, இந்த வாரமே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.