தோப்பை விற்றுத்தான் ஸ்வெட்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 35. காவேரிப்பட்டணம் பக்கம் சொந்த ஊர். ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 9 வருடமாக சி.என்.சி. (கணினி இயக்கும் இயந்திரங்கள்) பிரிவில் இன்ஜினீயராக இருக்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 6 வயது. கனடாவின் மானிடோபா மாகாணம் வழியாக மூன்று பேருக்கும் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) கிடைத்துவிட்டது. வின்னிபெக் நகரில் குடியேறப் போகிறோம். அடுத்த ஜூலைக்குள் போய் இறங்க வேண்டும். மார்கழி பிறக்கும் முன் கிளம்பிவிடுங்கள் என்கிறார் மாமியார். அதனால் டிசம்பர் முதல் வாரத்தில் டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன்.

என் பெயரில் 14 லட்சம், மனைவி பெயரில் 8 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் 8 லட்சம், பி.எஃப். சுமார் 6 லட்சம். நகை 40 பவுன், அதன் மேல் 3 லட்சம் நகைக்கடன். அப்பா எனக்கு எழுதி வைத்த இரண்டு ஏக்கர் மாந்தோப்பும் உண்டு. ‘இங்கே மைனஸ் 30 டிகிரி. துணி, ஹீட்டர், கார் என்று பணம் கரைந்துவிடும். தோப்பை விற்று 70 லட்சத்தோடு வா’ என்கிறார் அங்கிருக்கும் மச்சான். அப்பாவுக்கு மனசே இல்லை. கிருஷ்ணகிரி வெயிலைத் தவிர எங்களுக்கு வேறெதுவும் பழக்கமில்லை. குளிருக்கென்று எவ்வளவு ஒதுக்க வேண்டும்? தோப்பை என்ன செய்வது?

பதில்: தோப்பை விற்க வேண்டாம். டிக்கெட் தேதியை மாற்றுங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் குளிர்ச் செலவு. வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 16 டிகிரி அளவில் இருக்கும். சில இரவுகளில் மைனஸ் 30-க்கும் கீழே போகும். நவம்பரில் விழும் பனி மார்ச், ஏப்ரல் வரை தரையிலேயே கிடக்கும். பயம் வருவது நியாயம்தான். ஆனால் கணக்கு அவ்வளவு பயமுறுத்துவதில்லை. பெரியவர் ஒருவருக்குத் தாங்கக்கூடிய கனமான பார்க்கா கோட் 250 முதல் 350 டாலர். பனியில் நடக்கிற பூட்ஸ் 120 முதல் 150. உள்ளே போடும் தெர்மல், தொப்பி, கையுறை எல்லாம் சேர்த்து இன்னொரு 100, 120. குழந்தைக்கு ஸ்னோ பேண்டையும் சேர்த்து 300-க்குள் அடங்கும். ஆக மூன்று பேருக்கு 1,500 கனடா டாலர். ஒரு டாலரை 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. இதற்கு யாராவது தோப்பை விற்பார்களா?

துணியை இங்கேயே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பெங்களூரில் ‘மைனஸ் டிகிரி ஜாக்கெட்’ என்று விற்பதெல்லாம் மணாலிக்கு நான்கு நாள் டூர் போகிறவர்களுக்கானது. ஸ்வெட்டரைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய், போன பிறகு எல்லாவற்றையும் புதிதாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அங்கே பழைய துணிக்கடைகளில் நல்ல நிலையில் உள்ள கோட்டும் பூட்ஸும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். குழந்தைக்கு அப்படித்தான் வாங்க வேண்டும், அடுத்த வருடம் அளவு பத்தாது. பெரியவர்களின் பூட்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பஸ் ஸ்டாப்பில் 15 நிமிடம் நின்றால் குளிர் முதலில் ஏறுவது காலில்தான்.

பணத்தைத் தின்பது துணி அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதம். டிசம்பரில் இறங்கினால் வங்கி, வீடு, குழந்தையின் பள்ளி, வேலை தேடல் எல்லாவற்றுக்கும் பனியில்தான் அலைய வேண்டும். எட்டு மணி நேரம்தான் வெளிச்சம். நிறைய கம்பெனிகளில் ஆள் எடுப்பது பண்டிகை விடுமுறைக்கு நின்று ஜனவரியில்தான் மறுபடி சூடு பிடிக்கும். அவசரத்தில் முதலில் கிடைக்கிற வீட்டுக்கு ஒப்பந்தம் போடுவீர்கள். நடக்க முடியவில்லை என்று முதல் மாதமே கார் வாங்குவீர்கள். உங்கள் மச்சான் சொல்லும் ‘பணம் கரையும்’ என்பது இப்படித்தான் நடக்கிறது.

மே மாதம் போனால் பனி பெரும்பாலும் உருகியிருக்கும். அடுத்த நவம்பருக்கு முன் ஐந்து மாதம் கையில் இருக்கும். மகள் செப்டம்பரில் கல்வியாண்டின் முதல் நாளிலேயே வகுப்பில் சேர்ந்துவிடுவாள். வின்னிபெக்கில் நியூ ஃபிளையர் பேருந்துத் தொழிற்சாலையும், போயிங், ஸ்டாண்டர்ட்ஏரோ போன்ற விமானத் துறை நிறுவனங்களும் இருக்கின்றன. சி.என்.சி. தெரிந்தவருக்கு அது நல்ல ஊர்தான். நேர்காணலுக்குப் போக வர வழி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாமியாரிடம் சித்திரையிலோ வைகாசியிலோ நல்ல நாள் பார்க்கச் சொல்லுங்கள். மார்கழிப் பிரச்சினையும் தீர்ந்தது.

இதில் வரி விஷயமும் ஒன்று இருக்கிறது. டிசம்பரில் கிளம்பினால் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்கு மேல் இருந்திருப்பீர்கள். வருமான வரிச் சட்டப்படி அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் இந்தியக் குடியிருப்பாளர். ஜனவரி முதல் மார்ச் வரை கனடாவில் வாங்கும் சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் ஆடிட்டர் செலவும் அலைச்சலும் உங்களுக்கு. மே மாதம் கிளம்பினால், பிழைப்புக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் என்ற முறையில் அந்த நிதியாண்டு முழுவதற்கும் நீங்கள் என்.ஆர்.ஐ. கனடா சம்பளத்தை இங்கே கணக்கில் காட்டும் வேலையே இல்லை.

இப்போது பட்ஜெட். இரண்டு படுக்கையறை வீட்டு வாடகையை மாதம் 1,700 டாலர் என்று வையுங்கள். சாப்பாடு, பஸ், போன், இதர செலவு 1,400. ஆறு மாதம் சம்பளமே வரவில்லை என்று வைத்தால் 18,600. மானிடோபாவில் வீட்டுக்காரர் அட்வான்ஸாக அரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம், அதற்கு 850. ஓசூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். கட்டில், மெத்தை, பாத்திரத்துக்கு 1,500. குளிர் துணிக்கு மேலே சொன்ன 1,500. மொத்தம் 22,450 டாலர், அதாவது சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம். மூன்று டிக்கெட்டுக்கு 3 லட்சம். 18 லட்சத்துக்குள் முடிந்துவிடுகிறது. எஃப்.டி.யில் மட்டுமே 22 லட்சம் வைத்திருக்கிறீர்கள்.

வீடு பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ஹீட்டிங் வாடகையில் சேர்த்தியா, தனியா? அபார்ட்மென்ட்களில் பெரும்பாலும் வாடகைக்குள்ளேயே இருக்கும். தனி வீட்டின் பேஸ்மென்ட்டில் 200 டாலர் குறைவாகச் சொல்வார்கள், கேஸ் பில் உங்கள் தலையில் விழும். அப்படியானால் போன ஜனவரி, பிப்ரவரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள். பில் உங்கள் பெயரில் வந்தால், கரன்ட்டும் கேஸும் தரும் மானிடோபா ஹைட்ரோ நிறுவனத்தில் வருடச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்துச் சம தவணையாகக் கட்டும் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்துவிட்டால் குளிர்கால பில் ஒரேயடியாக மேலே விழாது.

முதல் குளிர்காலத்தில் கார் வேண்டாம் என்பது என் கருத்து. பஸ் தடத்திலேயே வீடு பாருங்கள். அங்கே கார் என்பது வாங்கும் விலையோடு முடிவதில்லை. அரசு நிறுவனமான மானிடோபா பப்ளிக் இன்ஷூரன்ஸில் காப்பீடு எடுக்க வேண்டும், பனிக்கால டயர் ஒரு செட் தனியாக வேண்டும். இரவில் எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க ‘பிளாக் ஹீட்டர்’ என்று ஒன்றைப் பொருத்தி, பார்க்கிங்கில் நிற்கும் காரை வயர் போட்டு கரன்ட் பிளக்கில் சொருகி வைப்பார்கள். நம் ஊரில் செல்போனுக்குச் செய்வதை அங்கே காருக்குச் செய்ய வேண்டும். இந்த டயருக்கே அந்த அரசு நிறுவனம் கடன் திட்டம் வைத்திருக்கிறது என்றால் செலவைப் புரிந்துகொள்ளுங்கள். வேலை கிடைத்து, அது பஸ் போகாத இடத்தில் இருந்தால் அப்போது வாங்கலாம்.

தோப்புக்கு வருவோம். அதை விற்க வேண்டாம் என்பதற்குப் பாசம் காரணமில்லை. நீங்கள் என்.ஆர்.ஐ. ஆன பிறகு இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா அனுமதிக்காது. ஏற்கெனவே வைத்திருப்பதைத் தொடர்ந்து வைத்திருக்கலாம், பிற்பாடு இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்கவும் செய்யலாம். விற்கும் வழி என்றைக்கும் திறந்திருக்கிறது, திரும்ப வாங்கும் வழிதான் அடைபடுகிறது. இரண்டு வருடம் கழித்து, அங்கேயே வீடு வாங்கி நிலைக்கிறோம் என்று தெளிவானால் அப்போது முடிவெடுங்கள். விற்ற பணம் என்.ஆர்.ஓ. கணக்கில், அதாவது என்.ஆர்.ஐ.க்கு இந்தியாவில் வரும் பணத்தை வைக்கும் கணக்கில் விழும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே எடுத்துப் போகலாம்.

மே வரை இங்கே இருப்பதால் தோப்புக்கும் ஒரு லாபம் இருக்கிறது. தை, மாசியில் பூ பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் வியாபாரிகள் குத்தகை பேச வருவார்கள். நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல், யார் மருந்து அடிப்பது, தண்ணீர் யார் பொறுப்பு, எத்தனை தவணையில் பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்களுடையது பெங்களூரா ரகமாக இருந்தால் மாங்கூழ் ஆலைகள் வைப்பதுதான் விலை. நல்ல காய்ப்பு வருடத்தில் அந்த விலை எப்படிச் சரியும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அதனால் கனடா பட்ஜெட்டில் தோப்பு வருமானத்தை ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். அது அப்பா அம்மாவின் செலவுக்கு இருக்கட்டும்.

கிளம்பும் முன் அப்பா பெயருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அதில் குத்தகை விடவும், பராமரிக்கவும், வரி கட்டவும் மட்டும் அதிகாரம் கொடுத்தால் போதும். விற்கும் அதிகாரம் வேண்டாம். அப்பாவை நம்பாமல் சொல்லவில்லை. அவரை நெருக்கக்கூடியவர்கள் ஊரில் இருப்பார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். கனடாவில் குடியேறிவிட்டால் உலகில் எங்கே வருமானம் வந்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இங்கே விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, வெளிநாட்டில் சம்பாதித்ததை இங்கே போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரி இல்லை என்பதெல்லாம் இந்தியாவோடு சரி. கனடாவில் இரண்டுக்கும் வரி உண்டு. ‘என்.ஆர்.இ. டெபாசிட் போடுங்கள், வரியே கிடையாது’ என்று வங்கியில் சொல்வார்கள். அது பாதி உண்மை.

தோப்பைப் பொறுத்தவரை, நீங்கள் கனடாவில் குடியேறிய நாளில் அதன் சந்தை மதிப்பு என்னவோ அதையே வாங்கிய விலையாக அங்கே எடுத்துக்கொள்வார்கள். பிற்பாடு விற்றால் அதற்கு மேல் வரும் லாபத்துக்குத்தான் வரி. ஆகவே கிளம்பும் மாதத்தில், அரசிடம் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்துபூர்வ அறிக்கை வாங்கி வையுங்கள். பத்திரத்தில் இருக்கும் வழிகாட்டி மதிப்பை நம்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான், அது சந்தை விலையை விடக் குறைவாக இருக்கும். வருமானம் தரும் வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்க விலை 1 லட்சம் கனடா டாலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவமும் கொடுக்க வேண்டும். உங்கள் தோப்பு அந்த வரம்பைத் தாண்டும். குடியேறும் முதல் ஆண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பணம் அனுப்புவது: கனடாவின் சில பெரிய வங்கிகள் புதிதாக வருபவர்களை இங்கிருந்தே கணக்குத் திறக்க விடுகின்றன. அதற்கு அனுப்பும்போது, ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், இப்போதைய விதிப்படி மேலே உள்ள தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். அதனால் மார்ச்சில் உங்கள் கணக்கிலிருந்து 10 லட்சம், மனைவி கணக்கிலிருந்து அவருடைய 8 லட்சம் அனுப்புங்கள். மிச்சம் தேவைப்பட்டால் ஏப்ரலில் அனுப்பலாம். பிடித்தமே இருக்காது. கையில் ரொக்கமாக 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ கொண்டுபோனால் அங்கே விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும். குடியேற்றத்துக்குக் காட்ட வேண்டிய பணத்தைக் கைமாற்று வாங்கிக் காட்டக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பி.எஃப். பணத்தை, வெளிநாட்டில் குடியேறுகிறேன் என்ற காரணத்தில் முழுதாக எடுக்கலாம். 5 வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருப்பதால் வரி இல்லை. அதில் முதல் வேலையாக நகைக்கடனை அடைத்து நகையை மீட்டுவிடுங்கள். நகையை எல்லாம் கொண்டுபோக வேண்டாம், லாக்கரை அம்மாவோடு கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். இப்போது கொண்டுபோகும் நகைக்கும், பின்னால் கொண்டுபோகப் போகும் நகைக்கும் போட்டோவும் மதிப்பும் சேர்த்துப் பட்டியல் தயார் செய்து, முதல் முறை இறங்கும்போதே அங்குள்ள சுங்கத் துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. ஓடினால் நிறுத்துங்கள். கனடாவில் வசிப்பவர்களிடம் புதிய முதலீடு வாங்காத ஃபண்ட் நிறுவனங்கள் பல இருக்கின்றன. இருக்கும் 8 லட்சம் உங்கள் ஆபத்துக்கால நிதி. கே.ஒய்.சி.யில் என்.ஆர்.ஐ. என்று மாற்றிவிட்டு அப்படியே விடுங்கள். டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் கிளம்பும் முன் இங்கேயே எடுங்கள். மகள் பெயரில் செல்வமகள் கணக்கு இருந்தால், அவள் வெளிநாட்டில் குடியேறிய பின் அதைத் தொடர முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் தபால் அலுவலகத்தில் சொல்லி முடித்துவிடுங்கள்.

அங்கே இறங்கியதும் குழந்தைகளுக்கான மாதாந்திர உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். பி.ஆர். உள்ளவர்கள் வந்தவுடனே கேட்கலாம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30-க்குள் நீங்கள் இருவரும் வருமான வரிக் கணக்குக் கொடுத்தால்தான் அது நிற்காமல் வரும், வருமானமே இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும்.

வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்ற விண்ணப்பிக்கும் அன்றே, ஆதாரிலும் வங்கியிலும் கொடுத்திருக்கும் செல்போன் எண்ணுக்கு இன்டர்நேஷனல் ரோமிங் போட்டுவிடுங்கள். ஓ.டி.பி. வராவிட்டால் பி.எஃப். முதல் ஃபண்ட் வரை எதையும் அங்கிருந்து தொட முடியாது.