அப்பா பீடியை விட்டு பத்து நாள் ஆகிறது. எரிந்து விழுகிறார், தூங்குவதில்லை, யாரோடும் பேச்சில்லை. "ஒண்ணே ஒண்ணு குடிச்சா சரியாயிடும்" என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். குடித்ததும் முகம் தெளியத்தான் செய்யும். ஆனால் அது உடம்பில் நிக்கோட்டின் குறைந்ததால் வந்த தவிப்பு தணிவது மட்டுமே, சில மணி நேரத்தில் திரும்பிவிடும்.

இந்தத் தவிப்பு முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் தேய்ந்துவிடும். கோபம், தூக்கமின்மை, அதிகப் பசி, மனத் தளர்ச்சி எல்லாம் அதில் அடக்கம். பத்தாம் நாளில் கொஞ்சமாவது குறையத் தொடங்கியிருக்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறுகிறது, பேரப்பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்தாலும் முகம் மலரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மனச்சோர்வைச் சந்தேகியுங்கள்.

அந்த வயதில் பலர் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். உடம்பு அசதி, தலை பாரம், நெஞ்சு அடைக்கிறது என்பார்கள். (நெஞ்சு அடைப்பு என்றால் முதலில் ஈசிஜி எடுத்துவிடுங்கள். பீடி குடித்தவருக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது.) அதனால் இரண்டே கேள்வி கேளுங்கள். கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தது? மனம் தளர்ந்து நம்பிக்கையற்று எத்தனை நாள்? இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். ஒன்பது கேள்விப் படிவம் வைத்து அவர் உறுதிசெய்வார்.

"செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இரவிலும் எடுப்பார்கள்.

தவிப்புக்கு நிக்கோட்டின் சூயிங்கம் உண்டு. 2 மி.கி. மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைத்தவருக்கு அது போதாது, 4 மி.கி. எழுதித்தரச் சொல்லுங்கள். பலர் கோட்டை விடுவது மெல்லும் விதத்தில்தான். மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். வேகவேகமாக மென்றால் மருந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். டீ, காபி குடித்து 15 நிமிடம் கழித்தே வாயில் போடலாம். ஏக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல், முதல் 6 வாரம் விழித்திருக்கும்போது 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று. 2 மி.கி. என்றால் ஒரு நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது.

டீயைப் பாதியாகக் குறையுங்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. புகை, காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிட்டிருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் இறங்கி, அதே நாலு டீ கிட்டத்தட்ட எட்டு டீ போல வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மையில் ஒரு பங்கு அதனால்தான். ஒலன்சபின், குளோசபின் ஆகிய மனநோய் மருந்துகளைச் சாப்பிடுபவருக்கு இதே காரணத்தால் மருந்தளவு ரத்தத்தில் ஏறும், புகையை விட்டதை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

மனச்சோர்வு உறுதியானால் புப்ரோபியான் என்ற மாத்திரை பற்றிக் கேளுங்கள், மனச்சோர்வு, புகையை விடுவது இரண்டுக்கும் உதவும். வலிப்பு வந்தவருக்கு ஆகாது, குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். புகையிலையை விட ஆலோசனை சொல்லும் இலவச எண் 1800-11-2356. அப்பாவையே பேச வையுங்கள்.