பெக்வெல் குடாவில் ஒரு மாலை

பிரிட்டனின் விக்டோரியா காலத்து ஓவியர் வில்லியம் டைஸ் வரைந்த ‘பெக்வெல் குடா, கென்ட்: 1858 அக்டோபர் 5-ஆம் நாளின் நினைவு’ குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: சாதாரணக் கடற்கரைக் காட்சிதானே ஐயா? தலைப்பில் தேதி எதற்கு?

ப: வானத்தின் நடுவே, மேலே, மெல்லிய கீற்று ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்கள். அதுதான் டொனாட்டி வால்நட்சத்திரம். 1858 ஜூனில் இத்தாலிய வானியலாளர் டொனாட்டி கண்டறிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் வெறும் கண்ணுக்கே வெகு பிரகாசமாகத் தெரிந்தது. அதை இவ்வளவு மங்கலாக வரைந்ததில்தான் டைஸின் மேதைமை இருக்கிறது என்பேன்.

கே: முன்னால் நிற்பவர்கள் யார்?

ப: டைஸின் மனைவி, மனைவியின் சகோதரிகள், டைஸின் மகன்.

கே: டார்வினைப் படித்த அதிர்ச்சியில் பிறந்த ஓவியம் என்கிறார்களே, சரியா?

ப: எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உயிர்களின் பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்தது 1859 நவம்பரில். இந்த ஓவியமோ 1858-லேயே தொடங்கி 1860-இல் லண்டனின் கலை நிறுவனமான ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்துவிட்டது. டைஸ் ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் பூமியின் வயது பற்றிய பேச்சு டார்வினுக்கு முன்பே இங்கிலாந்தில் பரவியிருந்தது. 1830-களிலேயே புவியியலாளர் சார்லஸ் லயெலின் நூல் அதைப் படித்தவர்களின் வீடுகளுக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்தப் பாறைகளைப் பாருங்கள். ஒவ்வொரு விரிசலையும் எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்! அவை சுண்ணப்பாறைகள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளால் ஆனவை. அவற்றின் அடியில் நின்றுதான் இந்தப் பெண்கள் சிப்பி பொறுக்குகிறார்கள். மேலே நம் ஆயுளில் மீண்டும் வராத விண்பொருள், பின்னால் பாறையின் காலம், இடையில் ஒரு குடும்பத்தின் விடுமுறை மாலை. மூன்று காலங்களும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன. தலைப்பில் தேதி இருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கே: அங்கேயே உட்கார்ந்து வரைந்தாரா?

ப: இல்லை, பின்னர் தீட்டியது. ‘நினைவு’ என்று அவரே சொல்கிறாரே. ஓவியம் இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் வலது ஓரத்தையும் பாருங்கள். ஓவியச் சாமான்களைச் சுமந்தபடி தனியாக ஒருவர் நிற்கிறார். அவர் டைஸ்தான் என்று பலரும் கருதுகிறார்கள். முன்னால் இருக்கும் குடும்பத்தாரில் ஒருவர்கூட வால்நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை.