கடவுளைப் படைத்தது யார்?

கேள்வி: எல்லாவற்றையும் கடவுள் படைத்தார் என்றால், அவரைப் படைத்தது யார்? இஸ்ரவேலரை விடுவிக்க எகிப்துக்கு அனுப்பப்படும் மோசே கடவுளின் பெயரைக் கேட்டபோதும் 'இருக்கிறவராக இருக்கிறேன்' என்றுதான் பதில் வருகிறது. இது கேள்வியைத் தட்டிக்கழிப்பது போல இல்லையா?

பதில்: இல்லை. உங்கள் முதல் கேள்விக்கான பதிலே அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

வேதம் என்ன சொல்கிறது என்று முதலில் கவனியுங்கள். 'உண்டானதொன்றும் அவராலேயல்லாமல் உண்டாகவில்லை' என்கிறது யோவான் 1:3. பேச்சு 'உண்டானவை' பற்றியது. ஒரு காலத்தில் இல்லாமல் இருந்து பிறகு வந்ததைப் பார்த்துத்தான் 'இதை யார் உண்டாக்கியது?' என்று கேட்க முடியும். கடவுள் அப்படி வந்தவர் என்று கிறிஸ்தவம் எங்குமே சொல்லவில்லை. சிலர் 'அவர் தானாகத் தோன்றியவர்' என்று விளக்குகிறார்கள். அதுவும் தவறு. தோன்றுவதற்கு முன் இல்லாத ஒருவர் எப்படித் தம்மைத் தோற்றுவிப்பார்? அவர் தோன்றவே இல்லை, இருக்கிறார். பிதா 'தம்மில்தாமே ஜீவனுடையவர்' என்று யோவான் 5:26 சொல்வது இதைத்தான். நமக்கு உயிர் கொடுக்கப்பட்டது. அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

சரி, யாத்திராகமம் 3:14-இல் வரும் அந்தப் பெயருக்கு வருவோம். எபிரெயத்தில் அது 'எஹ்யே அஷேர் எஹ்யே'. 'எஹ்யே' என்றால் 'இருக்கிறேன்'. 'இருப்பேன்' என்றும் பொருள்படும். இதற்கு இரண்டு வசனம் முன்னால், யாத்திராகமம் 3:12-இல், 'நான் உன்னோடே இருப்பேன்' என்று கடவுள் சொல்கிறாரே, அங்கேயும் இதே 'எஹ்யே'தான். தமிழில் ஒன்று 'இருப்பேன்', மற்றொன்று 'இருக்கிறேன்' என்று வருவதால் இந்தத் தொடர்பு நம் கண்ணில் படுவதில்லை. எனக்கு இந்த அதிகாரத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

அடுத்த வசனத்தில் (3:15) வரும் நான்கெழுத்துப் பெயரும் (ஆங்கில எழுத்தில் YHWH) இதே 'இரு' என்ற வினையோடு இணைத்தே சொல்லப்படுகிறது. யூதர்கள் பயபக்தியால் அதை உச்சரிக்காமல் 'அதோனாய்', அதாவது 'ஆண்டவர்', என்று வாசித்தார்கள். நம் வேதாகமத்தில் 'கர்த்தர்' என்று வருவது அந்த வழக்கத்தால்தான். அந்த நான்கு மெய்யெழுத்துகளோடு 'அதோனாய்' என்ற சொல்லின் உயிரொலிகளைச் சேர்த்து வாசித்ததில் வந்ததுதான் 'யேகோவா'. ஆகவே, இன்ன உச்சரிப்பில் கூப்பிட்டால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

அப்புறம், கடவுள் மோசேயோடு பேசிய அந்த முட்செடி. அதில் தீ எரிகிறது, செடி வெந்துபோகவில்லை. சாதாரணத் தீ எதையாவது தின்றுதான் உயிர்வாழும். இந்தத் தீக்கு அந்தச் செடி தேவைப்படவில்லை. பெயர் சொல்லப்படுவதற்கு முன்பே மோசே அதன் பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

'தட்டிக்கழிப்பது' என்கிறீர்கள். எகிப்தின் அரசனான பார்வோனை நினைத்து, 'பார்வோனிடத்துக்குப் போக நான் எம்மாத்திரம்?' என்று நடுங்கி நின்ற மோசேயிடம் சொல்லப்பட்ட பெயர் இது. எதையும் சார்ந்திராமல் இருக்கிறவர், 'உன்னோடே இருப்பேன்' என்கிறார். அப்படிப்பட்டவருடைய வாக்கு மோசேயின் திக்குவாயையோ பார்வோனின் மனநிலையையோ நம்பி நிற்கவில்லை. எகிப்துக்குத் திரும்பிப் போக மோசேக்கு வேண்டியிருந்தது இந்தப் பதில்தான்.