கூரைத்துணியை மாற்ற வேண்டாம், முதலில் வடிகாலைப் பாருங்கள்

துணிக்கூரையை மடிக்கும் உங்கள் 1999 மஸ்டா எம்எக்ஸ்-5 காரில், மழைக்கு மறுநாள் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது, கூரைத்துணியை மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இப்போது காசு செலவழிக்காதீர்கள். இப்படித் தண்ணீர் நிற்பது துணி கிழியாமலே நடக்கும். பெரும்பாலும் வடிகால் குழாய் அடைத்திருக்கும்.

கூரையில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள துளை வழியாக இறங்கி, பின்சில்லுக்கு முன்னால் நிலத்தில் வடிய வேண்டும். கிளிநொச்சியில் வேம்பின் கீழ் நிறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். வேப்பிலையும் கிரவல் புழுதியும் அந்தத் துளைக்குள் சேர்ந்து களிபோல இறுகிவிடும். கோடை முழுக்கத் தெரியாது, ஐப்பசியில் மாரி தொடங்கியதும் காட்டிவிடும்.

1. கூரையைப் பாதி மடித்து, ஒவ்வொரு துளையிலும் அரைத் தம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உடனே கீழே வடிந்தால் சரி.

2. தேங்கினால், புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலோன் நூலை மெல்ல விட்டு ஆட்டுங்கள். கூர்க்கம்பி வேண்டாம். கராஜில் கொம்பிரசர் காற்று அடிக்கவும் விடாதீர்கள், குழாய் உள்ளே கழன்றால் தண்ணீர் நேரே காருக்குள்தான் வரும்.

அப்புறம் கம்பளத்தைக் கழற்றி வெயிலில் போடுங்கள். மேலே கை வைத்தால் காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் உள்ள பஞ்சு நாட்கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். இந்தக் காரில் கதவுக்குக் கீழுள்ள தகரம் உள்ளிருந்தே துருப்பிடிப்பது இப்படித்தான். அதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

துளை நன்றாக வடிந்தும் சீட் நனைந்தால், கதவுக் கண்ணாடி முட்டும் ரப்பரைப் பாருங்கள்.