ஹெடர் மாற்றினால் பலன் உண்டா? கேள்வி பதில்

கேள்வி: என் காரில் 2 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் கம்பெனி மேனிஃபோல்டை எடுத்துவிட்டு ஹெடர் போட்டால் நிஜமாகவே பவர் கூடுமா, சத்தம் மட்டும்தானா?

பதில்: கூடும். எஞ்சின் எந்த வேகத்தில் சுழலும்போது கூடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்பெனி மேனிஃபோல்டு பெரும்பாலும் குட்டையாக இருக்கும். ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வழியில் குறுக்கிடும். நல்ல ஹெடரில் சிலிண்டருக்கு ஒரு தனிக்குழாய், ஏறக்குறைய ஒரே நீளத்தில். புகையின் அழுத்த அலை குழாய்கள் சேரும் இடத்தைத் தொட்டதும் ஒரு தாழ்வழுத்த அலை திரும்பி வரும். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் அது வந்துவிட்டால், மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு புதுக்காற்றையும் உள்ளே வரவழைக்கும். இந்தப் பொருத்தம் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில்தான் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) அமையும். நீளமான, மெல்லிய குழாய் குறைந்த ஆர்பிஎம்மிலும் நடுத்தர ஆர்பிஎம்மிலும் உதவும். குட்டையான, அகலமான குழாய் அதிக ஆர்பிஎம்மில் உதவும். தினமும் 3000 ஆர்பிஎம்முக்குள் ஓட்டுபவர் 7000-க்காகச் செய்த ஹெடரை வாங்கினால், டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) குறைந்ததுதான் மிச்சம். நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 4-1 நல்லதா, 4-2-1 நல்லதா?

பதில்: 4-1-இல் நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் சேரும்; 4-2-1-இல் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாகும். சாலைக்கு 4-2-1. சிலிண்டர்களின் பற்றவைப்பு வரிசை 1-3-4-2 என்றால் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் இணைப்பார்கள். ஜோடிக்குள் சம இடைவெளி கிடைப்பதால் பலன் அகலமாகப் பரவும். 4-1 உச்ச ஆர்பிஎம்முக்கு, அதாவது ரேஸ் டிராக்குக்கு.

கேள்வி: டர்போ காருக்கு?

பதில்: அவசரப்படாதீர்கள். அங்கே முதல் தடை டர்போவும் அதற்குப் பின்னால் புகையைக் கொண்டுபோகும் குழாயான டவுன்பைப்பும்தான். புது எஞ்சின்கள் பலவற்றில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். கழற்றி மாற்ற அங்கே எதுவும் இல்லை.

கேள்வி: டியூனிங் செய்யாமல் ஓட்டலாமா?

பதில்: ஓடும், ஆனால் கொடுத்த காசுக்குப் பாதிப் பலன்கூட வராமல் போகலாம். காற்று கூடினால் எரிபொருளும் இக்னிஷன் நேரமும் அதற்கேற்ப மாற வேண்டும். ஒரே டைனோவில் (எஞ்சின் பவரை அளக்கும் கருவி) முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரை எடுக்கச் சொல்லும் ஹெடர் என்றால், சாலையில் ஓடும் காருக்கு வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் அது சட்டவிரோதம், காற்றையும் கெடுக்கும். அப்புறம் எஞ்சின் லைட்டும் எரியும்.

கேள்வி: ஹெடர் போட்ட பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ சத்தம். சூடானால் நின்றுவிடுகிறது. பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது.

பதில்: ஹெடருக்கும் எஞ்சினுக்கும் நடுவே அடைக்கும் கேஸ்கட் அருகே கசிவு. உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை மூடுவதால் சத்தம் நிற்கிறது. புகைத் துடிப்புகளுக்கு நடுவே அந்த இடுக்கு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்; ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து எரிபொருள் போதவில்லை என்று சொல்லும், எஞ்சினின் கணினியான ஈசியூ கூடுதலாக ஊற்றும். எஞ்சின் ஆறிய பிறகு டார்ச் அடித்து ஃபிளாஞ்சின் (ஹெடரை எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஓரத்தைப் பாருங்கள்; கசியும் இடத்தில் கரிக்கோடு தெரியும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சொல்லப்பட்ட இறுக்க அளவில் முடுக்குங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஃபிளாஞ்ச் வளைந்திருக்கும். கழற்றி, சமதளமாக இழைத்து, புது கேஸ்கட் போட்டுத்தான் ஆக வேண்டும்.